காப்பவர் யார், தீர்மானிப்பவர் யார்?

பாரம்பரியத்தைக் காத்துவருபவர்கள் பெண்களே என்று சொல்லாத பண்பாட்டு மேடை அரிது. தாலாட்டும் ஒப்பாரியும், வாசல் கோலமும் விதைக் குடுவையும், நோன்புக் கதையும் கைப்பக்குவமும் பெண்களிடம்தான் பிழைத்துக் கிடந்தன என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்திவிட்டு அடுத்த பேச்சாளரை அழைக்கிறோம். இந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பெரிய மறைப்பு இருக்கிறது. ‘காத்தாள்’ என்று சொல்லும்போது, யாரோ உருவாக்கி வைத்த பொருளை அவள் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அவளுடைய அறிவும், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று அவள் செய்த தேர்வும், அந்த மரபின்மேல் அவளுக்கு இருக்கவேண்டிய உரிமையும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய்விடுகின்றன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெண்ணிய மானிடவியல் செய்த முதன்மையான காரியம், செல்வம் எது, மரபு எது, அவற்றைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்ற கேள்விகளை மறுபடி எழுப்பியதுதான். மரபைக் காப்பது பற்றிய நம் பேச்சு அந்தக் கேள்விகளுக்கு இன்னும் சரிவரப் பதில் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மானிடவியல் ஒரு துறையாக உருவான காலத்தில் ஆய்வாளர்கள் ஊர்த்தலைவரிடமும் பூசாரியிடமும் மூத்த ஆண்களிடமும் பேசினார்கள். பொது இடத்தில் பேசக் கூடியவர்களும், வெளியாளின் கேள்விக்கு அவர் எதிர்பார்க்கும் ஒழுங்கில் பதில் சொல்லப் பழகியவர்களும் அவர்களே. மார்கரெட் மீட் போன்ற பெண்கள் களத்தில் இல்லாமல் இல்லை. எனினும் 1972இல் எட்வின் ஆர்டனர் எழுதிய கட்டுரை, ஆய்வாளர் ஆணாயினும் பெண்ணாயினும் ஒரு சமூகத்தைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு அச்சமூகத்து ஆண்கள் தீட்டிக் கொடுத்த சித்திரத்தையே எழுதிவருகிறார் என்று சுட்டிக்காட்டியது. 1974இல் மிஷெல் ரொசால்டோவும் லூயிஸ் லாம்ஃபியரும் தொகுத்த நூலும், அடுத்த ஆண்டு ரெய்னா ரைட்டர் தொகுத்த நூலும் பெண்ணிய மானிடவியலுக்கு அடித்தளம் இட்டன. அவற்றுள் சாலி ஸ்லோகமின் கட்டுரை, வேட்டையே மனிதனை மனிதனாக்கியது என்ற அன்றைய கோட்பாட்டை எதிர்த்து, காய்கனி திரட்டியதும், அதற்கான கலங்களையும் குழந்தையைச் சுமக்கும் தூளியையும் உண்டாக்கியதும் ஏன் கணக்கில் வரவில்லை என்று கேட்டது. கேள்வி சரியானதுதான். ஆனால் நேரில் கண்ட சான்று இல்லாமல் கேள்வி நெடுநாள் நிற்காது. அந்தச் சான்றை மிக வலுவாகத் தந்தவர் அன்னெட் வைனர்.

பப்புவா நியூகினியின் கிழக்கே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகள் மானிடவியலின் புண்ணியத்தலம் போன்றவை. 1915க்கும் 1918க்கும் இடையில் அங்கே தங்கிய புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, உள்ளூர் மொழி கற்று, ஊருக்குள் கூடாரமடித்து, மக்களோடு வாழ்ந்து ஆராயும் முறையை நிலைநாட்டினார். 1922இல் வந்த அவருடைய நூல், தீவு விட்டுத் தீவு கடலோடிச் சென்று சங்கு வளைகளையும் சிப்பி மாலைகளையும் பரிமாறிக்கொள்ளும் ‘கூலா’ என்ற ஆண்களின் உறவுச் சங்கிலியை உலகறியச் செய்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1971இல், வைனர் அதே தீவுகளில் கிரிவினாவுக்குப் போனார். ஊருக்குப் போன முதல் நாளே பெண்கள் அவரை ஒரு ஈமச்சடங்குக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஆயிரக்கணக்கான காய்ந்த வாழையிலைக் கட்டுகளும், சாயமேற்றிய நார்ப்பாவாடைகளும் கைமாறிக்கொண்டிருந்தன. கொடுத்தவர்கள் பெண்கள், எவ்வளவு, யாருக்கு, எந்த வரிசையில் என்று முடிவு செய்தவர்களும் பெண்கள். மாலினோவ்ஸ்கியின் நூல்களில் இந்தச் செல்வத்துக்கு உரிய இடம் இல்லை.

அந்தக் கட்டு எப்படி உருவாகிறது என்று சற்று அருகில் பார்க்கலாம். பச்சை வாழையிலையைக் கீற்றுகளாகக் கிழித்து, கோலம் செதுக்கிய பலகைமேல் வைத்துச் சுரண்டுகிறார்கள். செதுக்கிய கோடுகள் இலையில் பதிகின்றன. பிறகு வெயிலில் உலர்த்தி, பல கீற்றுகளைச் சேர்த்து அடியில் இறுக்கிக் கட்டி, மேல்பகுதியை விரித்து விடுகிறார்கள். சந்தைக் கணக்கில் இது வெறும் சருகு. டிரோபிரியாண்ட் கணக்கில் இது செல்வம். அங்கே குலம் தாய்வழியில் வருகிறது. ஒருவர் இறந்தால், அவர் குலத்துப் பெண்கள், இறந்தவரை உயிரோடிருந்தபோது பேணியவர்களுக்கும் இப்போது துக்கம் காப்பவர்களுக்கும், முதன்மையாகக் கணவன் அல்லது மனைவி வழியாருக்கும் தந்தை வழியாருக்கும், இந்தக் கட்டுகளைக் கொடுத்து நன்றிக்கடன் தீர்க்கவேண்டும். அதற்குப் பல்லாயிரம் கட்டுகள் தேவைப்படும். ஒரு பெண் தன் கையால் கட்டியது போதாமல் போகும்போது கணவன் தன் பண்டங்களைக் கொடுத்து அவளுக்காகக் கட்டுகளைச் சேர்க்கவேண்டும். ஏனெனில் அவளுடைய சகோதரன் ஆண்டுதோறும் வள்ளிக்கிழங்கு பயிரிட்டு அந்தக் கணவனின் களஞ்சியத்தை நிரப்புகிறான். சகோதரனின் கிழங்கும் கணவனின் கடமையும் பெண்ணின் வாழையிலைக் கட்டில் வந்து முடிச்சிடப்படுகின்றன. ஒருவன் தன் விளைச்சலின் சிறந்த பகுதியை ஏன் சகோதரியின் கணவனுக்குக் கொடுக்கிறான் என்பது பெண்களின் செல்வத்தை விட்டுவிட்டுப் பார்ப்பவருக்குப் பாதிதான் விளங்கும்.

1976இல் வைனர் வெளியிட்ட நூல் மாலினோவ்ஸ்கியைப் பொய்யாக்கவில்லை. அவர் வரைந்த படத்தில் பாதி இல்லை என்று காட்டியது. விடுபட்ட பாதியில்தான் குலத்தின் தொடர்ச்சி இருந்தது. ஆண்களின் கூலா புகழைத் தருகிறது, அந்தப் புகழ் ஆளோடு போகிறது. பெண்களின் ஈமக்கொடை, இறந்தவர் வாழ்நாளில் பிணைத்துக்கொண்ட உறவுகளை முறைப்படி அவிழ்த்து, குலத்தை அடுத்த தலைமுறைக்கு முழுமையாகக் கையளிக்கிறது. 1992இல் எழுதிய இன்னொரு நூலில் வைனர் இதை மேலும் விரித்தார். கொடுப்பதும் வாங்குவதும் திருப்பித் தருவதும்தான் சமூகத்தின் அடிப்படை என்று மார்செல் மாஸ் முதற்கொண்டு பலரும் சொல்லிவந்தார்கள். ஆனால் எதைக் கைவிடாமல் வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது, அவ்வாறு வைத்துக்கொள்ளப்படும் பொருள்களில் பெண்கள் நெய்த துணியும் பாயும் பல சமூகங்களில் முதலிடம் பெறுகின்றன என்றார். அவர் எடுத்துக்காட்டிய சமோவாத் தீவின் மெல்லிய தாழைப்பாய், 2019இல் யுனெஸ்கோவின் மனிதகுல மரபுப் பட்டியலில் ஏறியது. அறிஞர்கள் கைவினை என்று ஒதுக்கியது, அரச பட்டத்துக்கும் குலப் பெருமைக்கும் சான்றாவணமாக அங்கே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு இணையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நீலகிரித் தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் மதிக்கப்படுவது. எருமைகளையும், பால் கடையும் கோயில்களையும், அங்கே பூசை செய்யும் ஆண்களின் விலக்குகளையும் பல இயல்களில் அது விரித்துரைக்கிறது. அந்தக் கோயில்களில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே தோடர் மரபு என்றால் பால்கோயில் மரபு என்றே வெளியுலகம் படித்தது. தோடப் பெண்களோ, எந்த வடிவத்தையும் முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக நூலோட்டி, பூத்துக்குளி என்ற போர்வையை உருவாக்கிவந்தார்கள். உயிரோடிருப்பவர் போர்த்துவதும் அதுதான், இறந்தவரைச் சுற்றுவதும் அதுதான். சுமார் 2,000 பேரே உள்ள ஒரு மக்கள் கூட்டத்தில், பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே எல்லா முக்கியத் தருணங்களிலும் மேனியில் கிடக்கும் இந்தப் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று வெளியுலகில் தோடர் அடையாளமாகப் பரவியிருப்பதும் இதுவே. கோலத்துக்கும் இதே கதைதான். 1970களில் சென்னையில் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாட்டோடு இணைத்து ஆராய்ந்தபோதுதான், வாசலில் தினமும் போடப்பட்டு மாலைக்குள் மிதிபட்டு அழிவது ஒரு கணித அறிவு என்று படித்தவர்கள் ஒப்பினார்கள். போட்ட பெண்களுக்கு அது முன்பே தெரியும்.

இங்கே முதல் எதிர்ப்பு எழும். பெண்களுக்கும் மரபுக்கும் இப்படி உறவு கற்பிப்பது அவர்களைப் பழைய கூண்டிலேயே மறுபடி அடைப்பதாகாதா? இந்த அச்சம் நியாயமானது. ஷெரி ஆர்ட்னர் 1974இல், எல்லாச் சமூகங்களும் பெண்ணை இயற்கைக்கு நெருங்கியவளாகவும் ஆணைப் பண்பாட்டுக்கு உரியவனாகவும் பார்ப்பதால்தான் பெண் தாழ்த்தப்படுகிறாள் என்று எழுதினார். 1980இல் கரோல் மக்கார்மக்கும் மர்லின் ஸ்ட்ராதெர்னும் தொகுத்த நூல், இயற்கை–பண்பாடு என்ற அந்தப் பிரிவினையே ஐரோப்பிய வழக்கு, உலகப் பொதுவானது அன்று என்று மறுத்தது. நம் நாட்டில் சிக்கல் வேறு உருவில் வந்தது. இங்கே பெண் பண்பாட்டின் உருவமாகவே ஆக்கப்பட்டாள். காலனிய ஆட்சியில் அலுவலகமும் சந்தையும் அந்நியனுக்குப் போய்விட்டன, வீடாவது நம்முடையதாக இருக்கட்டும், வீட்டின் தூய்மையைப் பெண் காக்கட்டும் என்று தேசியவாதம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டதைப் பார்த்தா சாட்டர்ஜி 1989இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஆண் கோட்டு போடலாம், பெண் புடவையை விடக் கூடாது என்ற விதியின் வேர் அதுதான். இதற்கு என் பதில்: பெண்ணுக்கும் மரபுக்கும் பிறவித் தொடர்பு ஏதும் இல்லை. உழைப்புப் பங்கீடும், சாதியும், சொத்துரிமையும் சேர்ந்து சில கலைகளையும் சில அறிவுகளையும் பெண்கள் கையில் கொண்டுவந்து சேர்த்தன. டிரோபிரியாண்டில் வாழையிலைக் கட்டு பெண்ணின் இயல்பிலிருந்து முளைக்கவில்லை, தாய்வழிச் சமூக அமைப்பிலிருந்து வந்தது. காரணம் வரலாற்றில் இருக்கும்போது, மாற்றவும் முடியும், மறுக்கவும் முடியும். பாராட்டு மேடை இந்த வரலாற்றைச் சொல்லாமல் விடுவதால்தான் பாராட்டே கூண்டாகிறது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கடுமையானது. பெண்களை ஒடுக்கும் வழக்கங்களையும் பெண்களே தொடர்கிறார்களே? ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் சடங்கை நடத்துபவர்கள் பெரும்பாலும் மூத்த பெண்கள்தான். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, மனித உரிமைகளுக்கு ஒத்துவரும் மரபுகளையே கணக்கில் எடுப்பதாகச் சொல்லி ஒரு கோடு போட்டிருக்கிறது. தேவையான கோடுதான். ஆனால் பெண்கள் ஏன் அதைச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. டெனிஸ் கண்டியோட்டி 1988இல் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது. ஆணாதிக்கம் பெண்களுக்கு ஒரு பேரம் வைக்கிறது: இளமையில் அடங்கிப்போ, முதுமையில் மருமகள்மேல் உனக்கு அதிகாரம் கிடைக்கும். இளமையில் விலை கொடுத்தவள் முதுமையில் வந்த பலனை எளிதில் விடமாட்டாள். ஆகவே பெண் ஒரு வழக்கத்தைத் தொடர்கிறாள் என்பதாலேயே அது அவளுக்கு நல்லது என்று ஆகிவிடாது. அவள் அறியாமையால் தொடர்கிறாள் என்றும் ஆகிவிடாது. பார்க்கவேண்டியது, அதை விட்டுவிட அவளுக்கு வழி இருந்ததா என்பது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மிக வலியோடு எழுந்தது தேவதாசி ஒழிப்புப் போராட்டத்தில். 1920களின் இறுதியில் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சி 1947இல் சட்டமாக முடிந்தது. அதே மரபில் வளர்ந்து அதன் கொடுமையை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். எதிர்ப்பக்கத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள், கலையையும் சொத்துரிமையையும் இழக்கப்போகும் பெண்களின் குரலாக அந்த மசோதாவை எதிர்த்தார். பெண்கள் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது குழப்பம் தரும். எனக்கோ, ஒரு மரபின் எதிர்காலத்தைப் பற்றி அம்மரபுக்குள் இருந்த பெண்களே பகிரங்கமாக வாதிட்ட அரிய தருணமாக இது தெரிகிறது. பொட்டுக்கட்டு ஒழிந்தது சரி. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதோடு சதிராட்டமும் அப்பெண்களிடமிருந்து போயிருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1930களில் அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் மேல்சாதி வீடுகளுக்கும் சபாக்களுக்கும் ஏறியது. அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரை, சீர்திருத்தமும் மறுமலர்ச்சியும் கைகோத்து நடந்ததையும், அதே சமூகத்தின் ஆண்கள் லாபமடையப் பெண்கள் வீட்டுத் தலைமையை இழந்ததையும் எடுத்துக்காட்டியது. வீணை தனம்மாள் வீட்டின் பதங்களையும் அபிநயத்தையும் தாங்கி வந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதிக்கு மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி வழங்கியது 1973இல். ஒருவர் புகழ்பெற்றார். அவருக்குப் பக்கத்து வீடுகளில் ஆடியவர்கள் கதை அப்படி முடியவில்லை.

நாகரத்தினம்மாளைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனெனில் காப்பதென்றால் என்ன என்பதை அவரைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்தவனம்’ காவியத்துக்கு நாகரத்தினம்மாள் காலத்தில் புழங்கிய பதிப்பில், தன் பாட்டி, அத்தை வழியாக வந்த புலமையை முத்துப்பழனி சொல்லும் முன்னுரைப் பகுதியும் வேறு சில பாடல்களும் விடுபட்டிருந்தன. நாகரத்தினம்மாள் சுவடி தேடி, ஒப்பிட்டு, முழு நூலை 1910இல் பதிப்பித்தார். பெண் ஒருத்தி காமத்தைப் பாடலாமா என்று வீரேசலிங்கம் போன்ற சீர்திருத்தப் பெரியவர்களே சாடினார்கள். ஆங்கில அரசு நூலைப் பறிமுதல் செய்து தடைவிதித்தது. சென்னை மாகாணத்தில் டி. பிரகாசம் முதல்வராக இருந்த காலத்தில்தான் தடை நீங்கியது. இடையில் நாகரத்தினம்மாள் திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகராஜர் சமாதியைத் தன் பணத்தில் கோயிலாக எழுப்பினார். 1925இல் குடமுழுக்கு நடந்தது. அந்தச் சன்னிதியில் ஆராதனையின்போது பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் தனியே பெண்கள் கட்சி ஒன்றைத் தொடங்கிப் பாடவைத்தார்; 1940இல் ஆண்களின் கட்சிகளும் பெண்கள் கட்சியும் ஒன்றான பிறகே பெண்கள் பொது ஆராதனையில் பாடினார்கள். கட்டியவருக்கே பாட உரிமையில்லை என்ற நிலை பதினைந்து ஆண்டு நீடித்தது. காக்கும் வேலை பெண்ணுக்கும் தீர்மானிக்கும் உரிமை வேறொருவருக்குமாகப் பிரியும் இடம் அதுதான்.

மூன்றாவதாக ஒரு எதிர்ப்பு, வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் நம் பெண்களுக்காகப் பேசுவதைப் பற்றியது. மூன்றாம் உலகப் பெண் என்ற ஒரே வார்ப்பை மேற்கத்தியப் பெண்ணியம் உருவாக்குகிறது என்று சந்திரா மொகந்தி 1980களில் எழுதிய விமர்சனம் இன்றும் பொருந்தும். வைனரின் முடிவுகளைக்கூட ஸ்ட்ராதெர்ன், மேற்கத்திய உடைமைக் கருத்தை மெலனீசியாவின்மேல் ஏற்றுகிறது என்று கேள்வி கேட்டார். இதனால் வைனர் கண்ட வாழையிலைக் கட்டு இல்லாமல் போய்விடாது. அதை எந்தக் கருத்தால் விளக்குவது என்பதே விவாதம். உள்ளிருந்து வந்த ஆய்வுகளும் இல்லாமல் இல்லை. கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று சங்கும் சிப்பியும் எடுக்கும் ‘ஹேன்யோ’ பெண்களின் ஊரை கொரியரான சோ ஹே-ஜோவாங் ஆராய்ந்தார். இந்தப் பெண்களின் மரபு 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுமார் ஒரு நிமிடம் மூச்சை அடக்கிப் பத்து மீட்டர் வரை இறங்குகிறார்கள் என்பதே பலரும் வியப்பது. நான் வியப்பது அவர்களுடைய சங்கத்தின் முடிவை: உயிர்வளிக் குடுவை கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது, அப்படிச் செய்தால் கடல் வெறுமையாகும் என்று அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டை. 1932இல் ஜப்பானியக் காலனிய ஆட்சியின் சுரண்டலுக்கு எதிராகத் திரண்டவர்களும் இவர்களே. எனினும் பட்டியலில் ஏறுவது மட்டும் போதவில்லை. 1960களில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தவர்கள் இப்போது சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அம்மாக்கள் மகள்களைக் கடலுக்கு அனுப்ப விரும்பவில்லை. அந்த விருப்பமின்மையையும் மதிக்கத் தெரியாத பாதுகாப்புத் திட்டம் பாதுகாப்பே அன்று.

மரபு என்பது ஊருக்குப் பொது, அதில் தனியாள் பெயரும் உரிமையும் எதற்கு என்பார்கள். ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்து பாடுவது; வழிவழியாக வந்த அடிகளும் மெட்டும் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் வெளியிட்ட தமிழ் ஒப்பாரி பற்றிய நூல் காட்டியது என்னவென்றால், பாடுபவர் இறந்தவரைச் சாக்காக வைத்துத் தன் துயரத்தையே பாடுகிறார், தாய்வீட்டை விட்டு வந்ததையும் சகோதரன் கைவிட்டதையும் அந்தந்த இடத்தில் கட்டி இணைக்கிறார் என்பதுதான். பொது மரபுக்குள் ஒருவரின் ஆக்கம் இருக்கிறது. நா. வானமாமலை போன்றோர் அரும்பாடுபட்டு நாட்டுப் பாடல்களை ஏடேற்றினார்கள். அவர்களுக்கு நாம் பெருங்கடன் பட்டிருக்கிறோம். ஆனாலும் நம் வாய்மொழித் தொகுப்புகள் பலவற்றில் பாட்டு இருக்கிறது, வகை இருக்கிறது, வட்டாரம் இருக்கிறது, பாடிய பெண் இல்லை. தொகுத்தவரின் பெயர் மட்டும் அட்டையில் நிற்கிறது.

ஆகவே நாட்டார் வழக்காற்றியல் துறைகளிடமும், அருங்காட்சியகங்களிடமும், கைவினைக் கழகங்களிடமும் கேட்கவேண்டியவை சில உண்டு. பாடியவரும் நெய்தவரும் விரும்பினால் அவர்கள் பெயரைப் பதியுங்கள். பதிவு செய்வதற்கு முன் அவர்கள் ஒப்புதலைப் பெறுங்கள், அதிலிருந்து வரும் வருமானத்தில் பங்கு கொடுங்கள். எது காக்கப்படவேண்டும், எது மாறவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்யும் குழுக்களில் அந்தப் பெண்களை உறுப்பினர்களாக உட்காரவையுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதையும் மரபின் முடிவாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.